மண் பாதைக் காரின் பின் அச்சு: தண்டுகளின் சாய்வும் ஒரு கொப்பிக் கணக்கும்

மகன் கார் றேஸ் ஓடப் போகிறான் என்று தெரிந்தால் எமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “எவ்வளவு காசு போகும்?” என்பது. அடுத்தது, “உயிருக்கு ஆபத்தில்லையோ?” என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைத்தான் எவரும் கேட்பதில்லை. இரவு 11 மணிக்கு அந்தக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு பிள்ளை என்னதான் செய்கிறது?

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது. அதற்குப் பதில் தெரிந்தால் முதல் இரண்டு கேள்விகளையும் பிள்ளையோடு சண்டை பிடிக்காமல் பேசலாம் என்பது எமது அனுபவம்.

நாம் பொறியியல் படித்தவர்கள் அல்ல. யாழ். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து, அகதியாக இந்நாட்டுக்கு வந்து, ஹரோவில் சிறு வியாபாரிகளின் கணக்குகளைப் பார்த்து வருகிறோம். அவற்றில் ஒன்று வீல்ட்ஸ்ரோன் பக்கம் எம்மவர் ஒருவர் நடத்தும் கராஜ். பகலில் அங்கே எம்.ஓ.ரி. வேலை, பிறேக் மாற்றுதல், ரயர் மாற்றுதல். இரவில் அவருடைய மகனும் பெறாமகளும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, மண் பாதையில் ஓடும் ஸ்ரொக் கார் ஒன்றைப் பராமரிக்கிறார்கள். ரசீதுகளைச் சேர்க்கப் போன நாம், கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காரின் அளவுகளை எழுதும் கொப்பிக்கும் பொறுப்பாகிவிட்டோம்.

மண் பாதை ஓட்டம் லண்டனுக்குப் புதிதல்ல. 1928 பெப்ரவரி 19இல் எப்பிங் காட்டை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைத்தான் இந்நாட்டில் இதன் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே எமது ஹரோவுக்குப் பக்கத்திலுள்ள வெம்பிளி மைதானத்திலும் அது ஆரம்பித்துவிட்டது. கார்களின் முறை வந்தது 1954 ஏப்ரல் 16ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று. தென்கிழக்கு லண்டனின் நியூ குறொஸ் மைதானத்தில் பழைய கார்களைக் கொண்டுவந்து, இடிபட இடிபட ஓடவிட்டார்கள். இன்று ‘பிறிஸ்கா’ எஃப்-1, எஃப்-2 என்று நடக்கும் ஸ்ரொக் கார் ஓட்டங்களின் வேர் அங்கேதான். பிறகு லண்டன் மைதானங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விம்பிள்டன் மைதானத்தில் 2017 மார்ச்சில் கடைசி ஸ்ரொக் கார் ஓட்டம் நடந்தது. அது தார் பாதைதான். விம்பிள்டன் பிள்ளையார் கோவிலுக்குப் போய்வந்த எம்மவரில் எத்தனை பேருக்கு அருகிலே இப்படியொரு மைதானம் இருந்தது தெரியுமோ, நாமறியோம். இப்போது எமது பிள்ளைகள் ‘ஷேல்’ எனப்படும் நொறுக்கிய கல்மண் பாதையைத் தேடி, ஹரோவிலிருந்து சுமார் 100 மைல் தூரத்திலுள்ள கிங்ஸ் லின்னுக்குக் காரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

இனி காருக்குக் கீழே போவோம்.

மண் பாதைக் காரில் இரண்டு பின் சில்லுகளும் ஒரே இரும்புக் குழாய் அச்சின் இரு முனைகளிலும் இருக்கும். ஊரில் ஓடிய மொறிஸ் மைனரிலும் இப்படித்தான். மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு அச்சு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சவாரி வண்டியில் அச்சு வண்டியோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். பள்ளம் வந்தால் வண்டி முழுவதுமே துள்ளும். மொறிஸ் மைனரில் அச்சுக்கும் காருக்கும் நடுவே தகட்டு வில் இருந்தது. அந்த வில் இரண்டு வேலைகளைச் செய்தது: காரின் பாரத்தைத் தாங்கியது, அச்சு முன்னும் பின்னும் போகாமல் பிடித்தும் வைத்தது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில், அந்த வில்லின் தகடு உடைந்தால் லொறித் தகட்டை வெட்டிப் பொருத்திக் கொடுத்த எமது மெக்கானிக்மாருக்கு இந்த இரட்டை வேலை நன்றாகவே தெரியும். தகடு உடைந்த காரில் பின்பக்கம் பதிவது மட்டுமல்ல, கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டும் ஓடும்.

றேஸ் காரில் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறார்கள். பாரத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிறிங். அச்சு எங்கே நிற்க வேண்டும், எந்தத் திசையில் அசையலாம் என்று தீர்மானிப்பவை தண்டுகள். இருபுறமும் செசியிலிருந்து அச்சுக்கு வரும் தண்டுகள் அச்சை முன்பின்னாகப் பிடிக்கின்றன. எஞ்சின் சில்லைச் சுற்றும்போது அச்சுக் குழாய் எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். அதைத் தடுக்க இன்னொரு தண்டு அல்லது நீண்ட கை இருக்கும். குறுக்காக ஒரு தண்டு, ஒரு முனை செசியிலும் மறுமுனை அச்சிலுமாக, அச்சு பக்கவாட்டில் போகாமல் தடுக்கும். பிரான்சின் பழைய கார் நிறுவனமான பனாரின் பெயரால் இதை ‘பனார்ட் றொட்’ என்கிறார்கள். தண்டுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் வகுப்புக்கு வகுப்பு மாறும். அமெரிக்க மண் பாதைக் கார்களில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு தண்டுகள், அச்சைச் சுற்றிச் சுழலக்கூடிய ஒரு கூண்டில் வந்து சேரும். இங்குள்ள கார்களில் வேறு விதங்கள் உண்டு. ஆகவே எந்தத் துளையைத் தொடுமுன்னும் அந்த வகுப்பின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும். அடிப்படைக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கைத்தான் நாம் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறோம். எட்டாம் வகுப்புப் பைதகரஸ் போதும்.

ஒரு அடிமட்டத்தை மேசையில் வைத்து, ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கிய முனை உயரும்போது அழுத்திய முனையை நோக்கிக் கொஞ்சம் கிட்டவும் வரும். தண்டும் அப்படித்தான். அதன் முன்முனை செசியில், பின்முனை அச்சில். கார் உடல் உயர்ந்தாலோ பதிந்தாலோ தண்டின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் அச்சின் அந்த முனை முன்னுக்கோ பின்னுக்கோ நகரும்.

400 மில்லிமீற்றர் நீளமான ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். அது தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருந்தால், செசி 50 மி.மீ. உயரும்போது அச்சு முன்னே வருவது 3 மி.மீ. மட்டுமே. ஆனால் செசியிலுள்ள முன்முனையை மேல் துளைக்கு மாற்றி, தண்டு முன்பக்கம் உயர்ந்து 15 பாகை சாய்ந்து நிற்கச் செய்தால், அதே 50 மி.மீ. உயர்வுக்கு அச்சு 17 மி.மீ. முன்னே வருகிறது. தண்டின் நீளத்தில் மாற்றமில்லை, ஸ்பிறிங்கில் மாற்றமில்லை. மாறியது சாய்வு மட்டும்.

மண் பாதையில் கார்கள் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் ஓடும், அதாவது எப்போதும் இடப்பக்கமே திரும்பும். திரும்பும்போது கார் உடல் வலப்பக்கம் சரியும்: இடப்பக்கச் செசி உயரும், வலப்பக்கச் செசி பதியும். இருபுறத் தண்டுகளும் 15 பாகையில் இருந்தால், இடச் சில்லு 17 மி.மீ. முன்னே வரும், வலச் சில்லு சுமார் 10 மி.மீ. பின்னே போகும். மொத்தம் 27 மி.மீ. இரு சில்லுகளுக்கும் இடையே 1400 மி.மீ. என்றால், அச்சு ஒரு பாகைக்குச் சற்று மேலாகத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். பின் சில்லுகள் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கின்றன. ஆகவே பின்பக்கம் வெளியே போக, காரின் மூக்கு வளைவுக்குள் திரும்புகிறது. ஓட்டுநர் கையால் திருப்பாத திருப்பம் இது. தார் பாதையில் இதைக் கூடியவரை குறைக்கப் பார்ப்பார்கள். ஈர மண்ணில் இதையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அங்கே முன் சில்லுகளை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கிப் போகப் பார்க்கும்.

கொப்பியில் இந்த எண்களைப் போட்டுக் காட்டியபோது கராஜ்காரரின் மகன் சிரித்தான். “அங்கிள், இதெல்லாம் ஃபீல்ல தெரியும்.” பெறாமகள், ஏ-லெவல் கணிதம் படித்த பிள்ளை, கல்குலேற்றரை எடுத்து வலப்பக்கம் ஏன் 17 வராமல் 10 வருகிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. இடப்பக்கம் சாய்வு கூடிக்கொண்டு போகிறது, வலப்பக்கம் குறைந்துகொண்டு வருகிறது. வட்டத்தின் விளிம்பில் கீழே இருப்பவன் மெதுவாகவும் மேலே ஏறியவன் வேகமாகவும் உள்ளே வருவான். அன்றிலிருந்து கொப்பியை எழுதுவது அவள்தான். நாம் சரிபார்ப்பதோடு சரி.

சாய்வுக்கு இரண்டாவது விளைவு ஒன்றும் உண்டு. இது அச்சு திரும்புவதைவிட முக்கியமானது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அக்ஸிலறேற்றரை மிதித்தால் சில்லு மண்ணைப் பின்னே தள்ளுகிறது, மண் அச்சை முன்னே தள்ளுகிறது, அச்சு தண்டின் வழியாகக் காரைத் தள்ளுகிறது. தண்டு முன்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்தத் தள்ளு காரை முன்னே மட்டுமல்ல, மேலேயும் தூக்கும். தூக்குபவன் எதையாவது மிதித்துக்கொண்டுதானே தூக்க வேண்டும்? அந்த மிதிப்பு ரயரில் இறங்குகிறது. 15 பாகையில், ஒரு பக்கத்துத் தண்டுகள் 100 கிலோ அளவுக்கு முன்னே தள்ளினால் சுமார் 27 கிலோ ரயரைத் தரையோடு அழுத்துகிறது. பிடி குறைந்த மண்ணில் 27 கிலோ சும்மா கிடைப்பது பெரிய விடயம்.

சும்மாவா கிடைக்கிறது? இங்கேதான் எமது தொழில் புத்தி விழித்துக்கொண்டது. இரட்டைப் பதிவில் ஒரு வரவு வந்தால் எங்கேயோ ஒரு பற்று இருக்க வேண்டும். தேடினோம், இருந்தது. அதே தண்டு, பிறேக் போடும்போது எதிர்மாறாக வேலை செய்கிறது. சில்லு பின்னே இழுபட, சாய்ந்த தண்டு செசியைக் கீழே இழுத்து அச்சை மேலே தூக்கப் பார்க்கிறது. ரயரின் மேலிருந்த அழுத்தம் குறைகிறது. வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் துள்ளத் தொடங்கினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதோடு முடியவில்லை. மிதிக்க மிதிக்க இடப்பக்கம் உயர்கிறது. உயர உயரச் சாய்வு கூடுகிறது. 15 பாகையாக இருந்தது, 50 மி.மீ. உயர்ந்ததும் கிட்டத்தட்ட 23 பாகையாகிவிடும். அப்போது அந்த 27 கிலோ 40ஐத் தாண்டும். ஓட்டுநர் பயந்து காலைச் சட்டென எடுத்தால் அவ்வளவும் ஒரே நொடியில் இல்லாமல் போகும், இடப்பக்கம் தொப்பென்று விழும், அச்சு முன்பிருந்த இடத்துக்குத் திரும்பும். வளைவின் நடுவில் கார் திடீரென்று வேறு கார் ஆகிவிடுகிறது. புதிதாக ஓடுபவர்களுக்குப் பெரிய சாய்வு கொடுக்கக் கூடாது என்று பழைய கைகள் சொல்வதன் காரணம் இதுதான்.

பனார்ட் றொட்டைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அதன் உயரம், காரின் பின்பக்கம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. உயர்த்தினால் உடல் சரிவது குறையும், பாரம் வெளிச் சில்லுக்குச் சட்டெனப் போகும், பின்பக்கம் இலகுவில் வழுக்கும். இறக்கினால் உடல் அதிகம் சரியும், பின்பக்கம் பொதுவாக அமைதியாகும். ஆனால் உடல் அதிகம் சரிந்தால் சாய்ந்த தண்டுகள் அச்சை அதிகம் திருப்புமே! ஒரு பக்கத்தில் செய்த பதிவு அடுத்த பக்கத்துக் கணக்கையும் தொட்டுவிடுகிறது. அத்தோடு இந்தத் தண்டும் வில்வட்டமாகத்தான் அசையும். 600 மி.மீ. நீளமென்றால் 50 மி.மீ. ஏற்றஇறக்கத்துக்கு அச்சைச் சுமார் 2 மி.மீ. பக்கவாட்டில் இழுக்கும், 400 மி.மீ. என்றால் 3 மி.மீ. எனவே இடம் இருக்குமளவுக்கு நீளமான தண்டே நல்லது. இந்தப் பக்க அசைவே வேண்டாம் என்பவர்கள் ‘வட்ஸ் லிங்கேஜ்’ என்ற மூன்று துண்டு அமைப்பைப் போடுவார்கள். ஜேம்ஸ் வட் தமது நீராவி எஞ்சினுக்காக 1784இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. இன்னும் கார்களுக்கு அடியில் உழைக்கிறது.

வேலை தொடங்கும் ஒழுங்கில் எமது பிள்ளைகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். கராஜ் தரை சமமாக இருக்க வேண்டும். சமமில்லாத இடத்தில் சில்லுக்குக் கீழே தகடு வைத்துச் சமப்படுத்தி, அந்தத் தகடுகளின் இடத்தைத் தரையில் பெயின்றால் குறித்திருக்கிறார்கள். ரயர்களுக்குக் காற்று ஓடும் அளவுக்கு அடிக்க வேண்டும். பின் ரயர்கள் இரண்டின் சுற்றளவையும் நாடாவால் அளக்க வேண்டும், ஏனெனில் வலப்பக்க ரயர் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். பின் சில்லுகள் இரண்டும் சேர்ந்தே சுழலும்படி பூட்டப்பட்டிருப்பதால், பெரிய சில்லு கூடுதல் தூரம் உருண்டு காரை இடப்பக்கம் திருப்பும். கடதாசிக் கோப்பையை மேசையில் உருட்டினால் அது வட்டம் போடுமே, அதே கதை. ஓட்டுநரின் இருக்கையில் அவருடைய நிறைக்குச் சமமான பாரம் வைக்க வேண்டும். நாட்டரிசி மூட்டைகள் இதற்கு நல்ல வசதி, கடைக்காரர் திருப்பி எடுப்பார் என்றால்.

அதன்பிறகு செசியில் ஒரு நிலையான இடத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அச்சு சதுரமாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தண்டுகளின் ஒரு முனை வலம்புரி மரை, மறுமுனை இடம்புரி மரை. ஆகவே தண்டைக் கழற்றாமலே நடுவில் பிடித்துத் திருகினால் நீளும், அல்லது குறுகும். அங்குலத்துக்கு 18 புரி உள்ள மரையில் ஒரு முழுச் சுற்று, இரு முனையும் சேர்த்து, கிட்டத்தட்ட 2.8 மி.மீ. கால் சுற்றுக்கு 0.7. எத்தனை சுற்று என்பதை எண்ணி எழுத வேண்டும், “கொஞ்சம் திருகினான்” என்று எழுதக் கூடாது. மரை தண்டுக்குள் போதிய ஆழம் போயிருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். குறைந்தது போல்ற்றின் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முனைகளிலுள்ள உருண்டை மூட்டுகள், ‘றோஸ் ஜொயின்ற்’ என்பவை, அச்சு முழு உயரத்துக்கும் முழுப் பதிவுக்கும் போகும்போது எங்கும் இறுகக் கூடாது. இறுகினால் தண்டு வளையும் அல்லது மூட்டு முறியும்.

எமக்கு மிகவும் பிடித்த வேலை இதற்குப் பிறகு வருவது. இருபுற ஸ்பிறிங்கையும் கழற்றிவிட்டு, அச்சைத் தாங்கிகளில் வைத்து, செசியை ஜக்கால் பத்துப் பத்து மி.மீ. ஆக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அச்சு எவ்வளவு முன்னே வந்தது என்று அளப்பது. இடப்பக்கம் ஒரு நிரல், வலப்பக்கம் ஒரு நிரல். கணக்கில் வந்த எண்ணும் நாடாவில் வந்த எண்ணும் ஒத்துப்போனால் தண்டுகள் நேராக இருக்கின்றன. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு பிறக்கற் வளைந்திருக்கிறது. வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிடுவது போன்ற வேலைதான். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே போகக் கூடாது. தாங்கிகள் செசிக்குக் கீழும் இருக்க வேண்டும். இதில் அந்தக் கராஜ்காரர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தன் மகனையும் ஒருமுறை வெளியே அனுப்பினார்.

மைதானத்துக்குப் போனபின் வேறு உலகம். மாலையில் தண்ணீர் தெளித்த மண் கனமாக, பிடியோடு இருக்கும். கார்கள் ஓட ஓட அது காய்ந்து, சில இடங்களில் பளபளவென்று சீமெந்துத் தரைபோல் ஆகிவிடும். ஈர மண்ணில் முன்பக்கம் திரும்ப மறுக்கும்போது அச்சுத் திருப்பம் உதவும். காய்ந்தபின் பின்பக்கம் தானாகவே வழுக்கும், அப்போது அதே திருப்பம் உபத்திரவம். சாய்வைக் குறைக்க வேண்டும். இது ஆரம்ப விதி மட்டும்தான். ரயர், காற்று அமுக்கம், ஓட்டுநரின் கால் எல்லாம் சேர்ந்து இதை மாற்றும்.

ஓடி முடித்து வருபவனிடம் “எப்படி?” என்று கேட்டால் “லூஸ் அங்கிள்” என்பான். அது ஒரு தகவல் அல்ல. எங்கே லூஸ்? வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, மிதித்துக்கொண்டு வெளியே வரும்போதா? நுழையும்போது என்றால் பிறேக் நேரத்துப் பற்று. வெளியே வரும்போது என்றால் மிதிக்கும் நேரத்து வரவு போதவில்லை. முதலாவதற்குத் துளையைக் கீழே இறக்குவதா என்று யோசிக்க வேண்டும், இரண்டாவதற்கு மேலே ஏற்றுவதா என்று. ஒரே ‘லூஸ்’, எதிரெதிரான இரண்டு வைத்தியம். பொடியள் ஒருநாள் இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் இடப்பக்கத் துளையையும் மாற்றி, பனார்ட் றொட்டையும் இறக்கி, காற்றையும் குறைத்தார்கள். கார் நன்றாக ஓடியது. எதனால் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் பெறாமகள் சிவப்புப் பேனாவால் பெரிய கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். இப்போது ஒரு நேரத்தில் ஒரு துளை. பலன் தராவிட்டால் பழைய துளைக்கே திரும்ப வேண்டும், திரும்பிய பின்தான் அடுத்த யோசனை.

இங்குள்ள ஸ்ரொக் கார் ஓட்டத்தில் முன்னால் போகும் காரை பம்பரால் இடித்து ஒதுக்குவது விதிக்கு உட்பட்டது. பார்க்கும் தாய்மாருக்கு நெஞ்சு பதைக்கும். அனுபவம் குறைந்தவர்களின் காருக்கு வெள்ளைக் கூரை, பிறகு மஞ்சள், நீலம், நன்கு ஓடுபவர்களுக்குச் சிவப்பு. வெள்ளைக் கூரைகள் முன்னால் தொடங்க, சிவப்புகள் பின்னால் இருந்து இடித்துக்கொண்டு வருவார்கள். எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தண்டுகளைக் கழற்றிச் சமமான தகட்டில் உருட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த தண்டு உருளும்போது நடுவில் வெளிச்சம் தெரியும். வளைந்ததை நிமிர்த்திப் போடுவதில்லை, எறிந்துவிட வேண்டும். ஒரு தண்டின் விலைக்கு ஆசைப்பட்டு அதைத் திரும்பப் பூட்டுவது, பிறேக் இல்லாத வானில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போவதற்குச் சமம்.

காசு விடயத்தில் கணக்காளராக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கராஜ் வைத்திருக்கும் எம்மவர் சிலர், பிள்ளையின் றேஸ் காருக்கு வாங்கும் தண்டையும் ரயரையும் கராஜ் செலவில் எழுதலாம் என்று நினைக்கிறார்கள். வியாபாரத்துக்காக முழுவதுமாகவும் அதற்காக மட்டுமேயும் செய்த செலவைத்தான் வருமான வரிச் சட்டம் ஏற்கும். காரின் பக்கத்தில் கராஜின் பெயரை ஒட்டிவிட்டால் எல்லாம் விளம்பரமாகிவிடாது. பொழுதுபோக்குக்குத் தனிக் கணக்கு, தனி வங்கி அட்டை. அப்படி வைத்தால், வீட்டில் “எவ்வளவு காசு போகும்?” என்ற கேள்விக்கும் ஊகத்துக்குப் பதிலாக ஒரு தொகையைச் சொல்லலாம். அந்தக் கராஜ்காரரின் மனைவி அந்தத் தொகையைக் கேட்டபின் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு ஒரு வரம்பு போட்டு, அதற்குள் ஓடு என்று சொன்னதும் அவர்தான்.

உயிரைப் பற்றிய கேள்வியை நாம் இலேசாக எடுக்கவில்லை. 2024 ஏப்ரல் 21இல் இலங்கையின் தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் மண் பாதை ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். மண் பாதையில் கார் விலகத்தான் செய்யும். விலகும் கார் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து வேலியும் இடைவெளியும் வைப்பதுதான் ஒழுங்கமைப்பவர்களின் வேலை. எனவே பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது காரையல்ல. பாதையைச் சுற்றியுள்ள சுவர், கம்பி வேலி, சனம் நிற்க விடப்படும் இடம், முதலுதவி வண்டி. காருக்குள் கூண்டுச் சட்டம், இருக்கைப் பட்டி, ஹெல்மற், எரிபொருள் தாங்கி இவற்றை ஓட்டத்துக்கு முன் அதிகாரிகள் சோதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். இதெல்லாம் இல்லாத இடத்தில், இரவில் பெருந்தெருவில் வேகம் காட்டும் கூட்டத்தில், எவ்வித அளவும் எழுதாமல் ஓடும் பிள்ளையைப் பற்றித்தான் நாம் உண்மையில் பயப்படுகிறோம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. தகப்பன்மாரும் தாய்மாரும் செய்யக்கூடியது. தண்டை அளவுக்குத் திருகியபின் அதன் பூட்டு நட்டை இறுக்கி, நட்டிலிருந்து தண்டுவரை வெள்ளைப் பெயின்ற் பேனாவால் ஒரு நேர்கோடு இழுப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கைவிளக்கோடு குனிந்து, அந்தக் கோடு உடையாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. காரை வெளியே விடாமல், கொப்பியை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.